சிசிஎன்ஏ முடிச்சாச்சு, டிசைன் படிச்சீங்களா?

கவரைப்பேட்டை ஸ்டேஷனில் காலை மின்சார ரயில் நின்றால், இறங்குகிற கூட்டத்தில் பாதிப்பேர் கழுத்தில் காலேஜ் ஐடி கார்டு தொங்கும். 1995-இல் ஆர்.எம்.கே. பொறியியல் கல்லூரி வந்ததிலிருந்து இந்த ஊருக்கு வாய்த்த அடையாளம் அது. இறங்காமல் பையை முன்னால் மாட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் ஏறப் போகிறவர்கள். சூலூர்பேட்டை வண்டியாக இருந்தால் தடாவில் இறங்கி ஸ்ரீசிட்டிக்குப் போகிற பிள்ளைகளும் இருப்பார்கள். நான் சிப்காட் ஆள். ஆலைகளுக்கு நெட்வொர்க் போட்டுத் தருவது, போட்டதைப் பழுது பார்ப்பது, வேறு யாரோ போட்டதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வது, இதுதான் பிழைப்பு.

ஐடி கார்டு கூட்டத்திலிருந்து என்னிடம் வருகிற கேள்வி அநேகமாக ஒன்றுதான், சிஸ்கோவின் தொடக்க நிலை நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏ பற்றி.

"ண்ணா, சிசிஎன்ஏ போட்டுட்டா நம்ம சைடுலயே வேலை கெடைக்குமா?"

கிடைக்கும், கிடைக்காமல் என்ன. ஆனால் நானும் திருப்பி ஒன்று கேட்பேன். "புதுசா ஒரு ஷெட் கட்டுறாங்க. நெட்வொர்க் போடணும். ஓனர்கிட்ட முதல்ல என்ன கேட்பே?" பத்தில் ஒன்பது பேர் சொல்கிற பதில், "எத்தனை சிஸ்டம்னு கேட்பேண்ணா." அதோடு சரி. இதே பிள்ளைகளை நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிக்கிற விலேன் போடச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள். ஓஎஸ்பிஎஃப் ஏரியா, ஆக்சஸ் லிஸ்ட் எல்லாம் விரல் நுனியில். எத்தனை விலேன் வேண்டும், அது எங்கே முடிய வேண்டும், கேமராவும் மெஷினை இயக்குகிற பிஎல்சியும் ஒரே விலேனில் இருக்கலாமா என்று கேட்டால் முழிக்கிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? அவர்களுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். இப்போதைய சிசிஎன்ஏ தேர்வின் எண் 200-301. 120 நிமிடம். கட்டணம் 300 டாலர். ஜிஎஸ்டியும் சேர்ந்தால் முப்பதாயிரம் ரூபாயை ஒட்டி வந்துவிடும். தேறினால் மூன்று வருடம் செல்லும். ஐபி ரவுட்டிங்குக்கு 25 சதவீதம், அடிப்படைக்கு 20, சுவிட்ச் பக்கம் 20, பாதுகாப்பு 15, ஐபி சர்வீஸ் 10, ஆட்டோமேஷன் 10. டிசைன் என்ற பெயரில் ஒரு பகுதியும் கிடையாது. அடிப்படைக்குள்ளே ஒரே ஒரு வரியில் இரண்டடுக்கு, மூன்றடுக்கு, ஸ்பைன்-லீஃப், வேன், சின்ன ஆபீஸ், கிளவுட் என்று பெயர்ப் பட்டியல் வரும். கோச்சிங் சென்டரில் அதை ஒரு ஸ்லைடில் தாண்டிவிடுவார்கள். படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லத் தெரிந்தால் மார்க் விழுந்துவிடும்.

முன்பு இப்படி இல்லை. தொடக்க நிலையிலேயே டிசைனுக்கென்று சிசிடிஏ என்று ஒரு சான்றிதழ் இருந்தது. அடுத்த படிக்கு சிசிடிபி. 2020 பிப்ரவரி 24-ஆம் தேதி சிஸ்கோ தன் சான்றிதழ்களை மொத்தமாக மாற்றியமைத்தபோது இரண்டையும் எடுத்துவிட்டார்கள். இப்போது டிசைன் என்பது சிசிஎன்பி என்டர்பிரைஸுக்குள்ளே 300-420 என்ற எண்ணில் ஒரு விருப்பப் பாடம். அதற்கு மேலே மலை உச்சியில் சிசிடிஇ. சிசிடிஏவை எடுத்தது தப்பு என்பது என் கட்சி. ஏனென்றால் இன்றைக்குக் காலேஜ் முடிக்கிற பையன் டிசைன் என்ற வார்த்தையையே கேட்காமல் வேலைக்கு வந்துவிட முடிகிறது. வந்த முதல் மாதமே அது அவன் தலையில் விழுகிறது.

எப்படி விழும் என்று ஒரு சம்பவம் சொல்கிறேன். சிப்காட்டில் ஒரு ஆலை, பெயர் வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கன்வேயர் நின்று நின்று ஓடுகிறது என்று போன் வந்தது. போனால், மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் பிஎல்சி பேனலைத் திறந்து வைத்துக்கொண்டு வியர்த்து நிற்கிறார். "சார், பிஎல்சி நல்லாத்தான் கீது. கம்யூனிகேஷன் ஃபால்ட்டுனு காட்டுது. ரீசெட் பண்ணா வருது, திரும்பப் போவுது." ஷெட் மூலையில், தூணில் ஆளுயரத்துக்கு மேலே ஒரு ரேக். ஏணி போட்டு ஏறிக் கதவைத் திறந்தால் உள்ளே விரல் கனத்துக்குத் தூசி; 24 போர்ட் சுவிட்சில் அத்தனை பச்சை விளக்கும் ஒரே வேகத்தில் துடிக்கிறது. தொழிலில் இருப்பவர்களுக்கு அதற்கு மேல் லேப்டாப்பைத் திறக்க வேண்டிய அவசியமில்லை. எங்கோ லூப்.

அன்று காலையில்தான் சிசிடிவி ஆட்கள் வந்து இரண்டு கேமரா கூட்டியிருக்கிறார்கள். அதற்காக ஒரு எட்டு போர்ட் குட்டி சுவிட்சைத் தூணில் டேக் போட்டுக் கட்டி, அதிலிருந்து ரேக்குக்கு ஒரு ஒயருக்கு இரண்டு ஒயராக இழுத்திருக்கிறார்கள். ஏன் இரண்டு என்று கேட்டதற்கு அந்தத் தம்பி சொன்ன பதில் நியாயமானது: "ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கட்டுமேன்னு சார்." பேக்கப் வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த இரண்டு சுவிட்சுமே மேனேஜ்டு சுவிட்ச் அல்ல. லூப்பைக் கண்டுபிடித்து அடைக்கிற ஸ்பானிங் ட்ரீ என்ற பேச்சே அதில் கிடையாது. ஒரு பிராட்காஸ்ட் உள்ளே போனால் அந்த வளையத்துக்குள் முடிவில்லாமல் சுற்றிச் சுற்றிப் பெருகும். சுற்றுகிற கூட்டத்தில் பிஎல்சிக்குப் போக வேண்டிய பாக்கெட் நசுங்கிப் போகும்.

ஒரு ஒயரைப் பிடுங்கியதும் கன்வேயர் ஓடியது. பில் போடவே கூச்சமாக இருக்கிற அளவு வேலை.

உண்மையான கேள்வி அதற்கப்புறம் வருகிறது. கேமராவுக்குப் போகிற ஒரு ஒயர் எப்படி உற்பத்தியை நிறுத்த முடிந்தது? கன்வேயரின் பிஎல்சி, கேட்டில் இருக்கிற கைரேகை வருகைப் பதிவு மெஷின், அக்கவுன்ட்ஸ் பிரின்டர், ஓனர் ரூம் வைஃபை, அறுபது கேமரா, எல்லாமே ஒரே 192.168.1 என்ற குடும்பத்தில் கிடந்தன. ஒருவன் தும்மினால் ஊருக்கே காய்ச்சல். இதைச் சரி செய்ய எந்தக் கமாண்ட் அடிக்க வேண்டும் என்று சிசிஎன்ஏ பையனுக்கு நன்றாகத் தெரியும். எதை எதிலிருந்து பிரிக்க வேண்டும், எந்த இடத்தில் கொஞ்சம் காசு போட்டு நல்ல சுவிட்ச் வாங்க வேண்டும், எந்த இடத்தில் மலிவான பெட்டியே போதும் என்று முடிவு செய்வதற்குப் பெயர்தான் டிசைன்.

இதெல்லாம் நம்ம ஊர் சின்னக் கம்பெனிச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் என்று ஹார்வர்டோடு இணைந்த பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. 1996-இல் இரண்டு ஆஸ்பத்திரிகள் ஒன்றாகி உருவானது. இணைந்த இடங்களின் நெட்வொர்க்கையும் ஒன்றோடொன்று ஒட்டி ஒட்டியே வளர்த்தார்கள். 2002 நவம்பரில் அந்த நெட்வொர்க் ஸ்பானிங் ட்ரீ சிக்கலில் மாட்டி ஏறக்குறைய நான்கு நாள் படுத்துவிட்டது. லேப் ரிப்போர்ட், மருந்துச் சீட்டு எல்லாம் காகிதத்துக்குத் திரும்பின. ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள். அங்கே தகவல் தொழில்நுட்பத்துக்குத் தலைவராக இருந்த ஜான் ஹலம்கா நடந்ததை மறைக்காமல் வெளியே சொன்னார். அதனால்தான் இருபது வருடம் கழித்தும் நாம் அதைப் பாடமாகப் படிக்க முடிகிறது. நம் ஊரில் இப்படி ஏதாவது நடந்தால் "டெக்னிக்கல் ஃபால்ட்" என்று முடித்துவிடுவோம்.

ஸ்பானிங் ட்ரீயை ராடியா பெர்ல்மன் 1985-இல் டிஇசி கம்பெனியில் இருந்தபோது உருவாக்கினார். அதன் வழக்கமான டைமர் கணக்கெல்லாம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏழு சுவிட்சுக்கு மேல் போகாது என்ற எண்ணத்தில் போட்டவை. இந்த ஏழு என்ற எண் புத்தகத்தில் ஒரு மூலையில் இருக்கும், பரீட்சைக்கு வராது. கும்மிடிப்பூண்டியில் ஒரு பழைய ஆலைக்குப் போய்ப் பாருங்கள். ஆபீஸிலிருந்து கேட், கேட்டிலிருந்து முதல் ஷெட், அங்கிருந்து இரண்டாவது ஷெட், அப்புறம் எடைமேடை, ஸ்டோர், கேன்டீன். ஒன்றின் வாலில் இன்னொன்று. விரிவாக்கம் நடக்கும்போதெல்லாம் கடைசி சுவிட்சிலிருந்து ஒரு ஒயர் இழுத்திருப்பார்கள். ஏழு எப்போதோ தாண்டியிருக்கும்.

ஆலையில் இன்னொரு தலைவலி நேரம். ஆபீஸில் நெட் ஒரு நிமிடம் போய் வந்தால் டீ குடித்துவிட்டு வருவார்கள். ப்ரோஃபிநெட் என்ற ஆலை நெட்வொர்க் முறையில் ஓடுகிற ஒரு லைனில் பிஎல்சியும் மோட்டார் டிரைவும் சில மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை பேசிக்கொண்டே இருக்க வேண்டும். 8 மில்லிசெகண்ட் இடைவெளி என்று வைத்து, வழக்கம்போல மூன்று தடவை பதில் வராவிட்டால் ஃபால்ட் என்றும் விட்டிருந்தால், 24 மில்லிசெகண்டில் கதை முடிந்தது. பழைய ஸ்பானிங் ட்ரீ ஒரு பாதை அறுந்து அடுத்த பாதைக்கு மாற 30 முதல் 50 செகண்ட் எடுக்கும். 2001-இல் வந்த வேகமான ஸ்பானிங் ட்ரீயும் இந்த வேலைக்குப் போதாது. ஆலைக்கென்றே எம்ஆர்பி என்ற வளையமுறை உண்டு. ஐம்பது கருவி வரை உள்ள வளையத்தில் அதிகபட்சம் 200 மில்லிசெகண்டில் மீளும். அதைப் போட்டால் பிஎல்சியின் காத்திருப்பு நேரத்தையும் அதற்கு ஏற்றாற்போல் கூட்டி வைக்க வேண்டும். ஒரு மில்லிசெகண்டும் போகக் கூடாது என்றால் பிஆர்பி, அதாவது ஒன்றுக்கு இரண்டாக முழு நெட்வொர்க்கே வேண்டும். செலவும் கிட்டத்தட்ட இரட்டை. எதைத் தேர்ந்தெடுப்பது? பேக்கிங் கன்வேயர் ஐந்து நிமிடம் நின்றால் ஐந்து நிமிட உற்பத்தி போகும். உருகின இரும்பு பாதி வழியில் நின்றால் என்ன ஆகும் என்று ஃபர்னஸ்காரரைக் கேளுங்கள். ஓனரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எது, எவ்வளவு நேரம் நிற்கலாம்?

இரண்டாவது, தூரம். செம்பு ஒயருக்கு 100 மீட்டர் எல்லை. அதிலும் சுவருக்குள் நிரந்தரமாகப் போவது 90, இரு பக்கமும் பேட்ச் கார்டுக்கு 10. சிப்காட்டில் ஆபீஸுக்கும் கடைசி ஷெட்டுக்கும் நடுவில் கால் கிலோமீட்டர் சாதாரணம். நடுவில் ஒரு சுவிட்சை மரத்தடியில் மாட்டித் தூரத்தை நீட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மழைக்கு அதன்மேல் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். சிங்கிள் மோட் ஃபைபர் போட்டால் பத்து கிலோமீட்டர் வரை கவலையில்லை. அதைவிட முக்கியம், இங்கே இன்டக்ஷன் ஃபர்னஸ் வைத்த ஸ்டீல் கம்பெனிகள் அதிகம். அந்த மின்காந்த இரைச்சலுக்குப் பக்கத்தில் செம்பு ஒயர் போனால் பாக்கெட் கெட்டுக்கொண்டே இருக்கும். ஃபைபருக்கு அந்தத் தொல்லை இல்லை. இடி விழுந்தால் ஒரு ஷெட்டிலிருந்து அடுத்த ஷெட்டுக்கு மின்சாரம் தாவுவதும் இல்லை.

மூன்றாவது, கணக்கு. கேமரா விஷயத்தில் யாரும் கணக்கே போடுவதில்லை. இரண்டு மெகாபிக்சல் கேமரா ஒன்று 4 எம்பிபிஎஸ் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அறுபது கேமராவுக்கு 240 எம்பிபிஎஸ். அதை 100 எம்பிபிஎஸ் அப்லிங்க்கில் அனுப்பிவிட்டு "படம் விட்டு விட்டு வருது" என்று கேமராக் கம்பெனியைத் திட்டுவார்கள். ஒரு கேமராவின் ஒரு நாள் பதிவு 43.2 ஜிபி. அறுபது கேமராவை முப்பது நாள் வைத்திருக்க ஏறக்குறைய 78 டிபி. கொட்டேஷனில் 16 டிபி என்று போட்டிருக்கும். நெட்வொர்க் ஒயரிலேயே கேமராவுக்குப் போகிற கரன்ட்டுக்கும், அதாவது பிஓஇக்கும், கணக்கு உண்டு. ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வீதம் 24 போர்ட்டுக்கும் முழுசாகக் கொடுக்க 370 வாட் வேண்டும். பெட்டி மேலே "24 போர்ட் பிஓஇ" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே பாதி வாட்தான் இருக்கிற மாடல்கள் மார்க்கெட்டில் தாராளம். ராத்திரி இன்ஃப்ராரெட் விளக்கு எரிய ஆரம்பித்ததும் நாலு கேமரா செத்துவிடும், காலையில் தானாக உயிர் வரும். பேய் பிடித்த மாதிரி இருக்கும். பெருக்கல் கணக்குதான்.

முகவரித் திட்டம் பற்றி நிறைய எழுதலாம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுக்குள்ளேயும் ஆலைக்குள்ளேயும் போட்டுக்கொள்ளும் 10, 172.16, 192.168 குடும்பங்களை ஒதுக்கிய ஆவணம் 1996 பிப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 1918. இதில் 10-இல் தொடங்குவது மட்டுமே ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் முகவரி. அத்தனை இருந்தும் எல்லாரும் 192.168.1-இலேயே போய் உட்காருவார்கள், பெட்டியில் அப்படி வந்தது என்பதால். கும்மிடிப்பூண்டி ஆலையிலும் அதே, தேர்வாய் கண்டிகையில் தொடங்கிய இரண்டாவது ஆலையிலும் அதே. ஒருநாள் இரண்டையும் விபிஎன்-இல் சேர்க்கச் சொல்லி ஹெட் ஆபீஸிலிருந்து மெயில் வரும். அன்றைக்குத்தான் அழுவார்கள்.

இப்போது பேக்கப் விஷயம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், அந்த சிசிடிவி தம்பியின் எண்ணம் சரி என்று சொன்னேன் அல்லவா.

2024 அக்டோபர் 11-ஆம் தேதி இரவு நம் கவரைப்பேட்டை நாடு முழுக்கச் செய்தியில் வந்தது. மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் மெயின் லைனில் போக வேண்டியது, லூப் லைனுக்குள் நுழைந்து அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலின் மேல் மோதியது. பலருக்குக் காயம், உயிர் போகவில்லை என்பதுதான் ஆறுதல். பெட்டிகள் பாதையை அடைத்துக்கொண்டு கிடந்தன. சென்னை–கூடூர் பாதை இந்த நாட்டின் முக்கியமான பாதைகளில் ஒன்று. டெல்லி பக்கமும் ஹவுரா பக்கமும் போகிற வண்டிகள் இதில்தான் போகின்றன. பாதை சீராகும் வரை பல வண்டிகளை அரக்கோணம், ரேணிகுண்டா வழியாகச் சுற்றி கூடூரில் சேர்த்தார்கள். நேரம் அதிகம் பிடித்தது. ஆனால் போய்ச் சேர்ந்தன.

கவனியுங்கள், அந்த மாற்றுப் பாதை கவரைப்பேட்டையைத் தொடவே இல்லை. அதனால்தான் அது மாற்று. கவரைப்பேட்டையில் நான்கு தண்டவாளம் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிறது என்பதால் பேக்கப் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு அது உதவியிருக்காது, ஒரே இடத்தில் எல்லாம் அடைபட்டது.

நெட்வொர்க்கில் இதே தப்பை நாள்தோறும் செய்கிறோம். ஓனர் இரண்டு கம்பெனியில் இன்டர்நெட் லைன் எடுத்திருப்பார். இரண்டு பில், இரண்டு ரவுட்டர், ரேக்கில் அழகாக இருக்கும். தேசிய நெடுஞ்சாலை 16-இல் சர்வீஸ் ரோடு வேலைக்கு ஒரு ஜேசிபி பள்ளம் தோண்டினால் இரண்டும் ஒன்றாகப் போகும். ஏனென்றால் இரண்டு கம்பெனியின் ஃபைபரும் ஒரே பள்ளத்தில், சில சமயம் ஒரே குழாயில் வருகிறது. காகிதக் கணக்கில் 99 சதவீதம் ஓடுகிற ஒரு லைன் வருடத்துக்கு மூன்றரை நாளுக்கு மேல் படுக்கும். அப்படி இரண்டு லைன் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் படுப்பது வருடத்துக்கு 53 நிமிடம்தான். இந்தக் கணக்கு உண்மையாக வேண்டுமானால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது. ஒரே பள்ளம் என்றால் கணக்கு காலி. ஆகவே லைன் எடுக்கும்போது விலையைக் கேட்பதற்கு முன்னால் "கேபிள் எந்தப் பக்கமிருந்து வருது, எந்த எக்ஸ்சேஞ்சுக்குப் போவுது?" என்று கேட்க வேண்டும். விற்க வருகிற ஆளுக்குப் பதில் தெரியாது. இன்ஜினியரைக் கூப்பிடச் சொல்லுங்கள். ஒன்று ஃபைபர், இன்னொன்று கோபுரத்திலிருந்து வருகிற ரேடியோ லிங்க் என்று எடுத்தால் இன்னும் நிம்மதி. இரண்டு ரவுட்டரும் ஒரே யூபிஎஸ்சில் சொருகியிருக்கிறதா என்று குனிந்து பார்க்கவும் மறக்காதீர்கள். பாதி இடங்களில் அப்படித்தான் இருக்கும்.

பாதுகாப்பும் டிசைனில்தான் தொடங்குகிறது. 2017 மே 12-ஆம் தேதி வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது. நம் ஒரகடத்தில் இருக்கிற ரெனோ–நிசான் ஆலையிலும் உற்பத்தி பாதிக்கப்பட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் அப்டேட் போடுவது சுலபம். மெஷினோடு வந்த கம்ப்யூட்டரில் பழைய விண்டோஸ் இருக்கும். அதில் கை வைத்தால் வாரன்டி போய்விடும் என்று மெஷின் கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கும். அதைத் திருத்த முடியாது, சுற்றிச் சுவர் எழுப்பத்தான் முடியும். பெர்டியூ மாடல் என்று தொழிற்சாலை நெட்வொர்க்கை அடுக்கு அடுக்காகப் பிரிக்கிற முறையும், ஐஇசி 62443 தரநிலைத் தொடரில் வருகிற மண்டலம், மண்டலங்களுக்கு நடுவே காவல் வைத்த வழி என்கிற பேச்சும் இதற்காகத்தான். சிஸ்கோவும் ராக்வெல்லும் சேர்ந்து ஆலை முழுமைக்குமான ஈதர்நெட் டிசைன் கைடு ஒன்று போட்டிருக்கிறார்கள். இலவசம். சிசிஎன்ஏ படிக்கிற எந்தப் பையனும் அதைத் திறந்து பார்த்ததாக என்னிடம் சொன்னதில்லை.

சரி, சான்றிதழுக்கு வருவோம். டிசைன் படித்தால் பரீட்சைக்கு என்ன லாபம்?

சிசிஎன்ஏவிலேயே லாபம் உண்டு. ரூட் பிரிட்ஜை எந்த சுவிட்சில் வைக்க வேண்டும் என்று படம் போட்டுப் பார்த்தவனுக்கு அந்தக் கேள்வியில் மனப்பாடம் தேவையில்லை. சப்நெட்டைக் கணக்காகப் படித்தால் மறந்துபோகும். ஒரு ஆலைக்கு முகவரித் திட்டம் போட்டுப் படித்தால் மறக்காது. ஆனால் பெரிய லாபம் இன்டர்வியூவில். கமாண்ட் கேட்கிற காலம் போய்க்கொண்டிருக்கிறது. கமாண்டைக் கேட்டால் ஏஐயே எழுதித் தருகிறது. போர்டில் ஒரு கட்டடத்தை வரைந்து "இதுக்கு நீ என்ன போடுவே, ஏன்?" என்று கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்பேன்.

மேலே போக நினைக்கிறவர்களுக்கு 300-420 நல்ல தேர்வு. 90 நிமிடம். முகவரியும் ரவுட்டிங்கும் 25 சதவீதம், கேம்பஸ் 25, வேன் 20, நெட்வொர்க் சர்வீஸ் 20, ஆட்டோமேஷன் 10. தனியாக எழுதித் தேறினாலும் ஸ்பெஷலிஸ்ட் சான்றிதழ் கிடைக்கும். 350-401 என்ற முக்கியத் தாளோடு சேர்த்தால் சிசிஎன்பி. சிசிடிஇ வேறு உலகம். அதன் செய்முறைத் தேர்வு எட்டு மணி நேரம், ஒரு கமாண்ட்கூட அடிக்க வேண்டியதில்லை. ஒரு கம்பெனியின் கதையைக் கையில் கொடுத்து, மெயில் மெயிலாகக் காட்டி, இப்போது என்ன முடிவெடுப்பாய் என்று கேட்டுக்கொண்டே போவார்கள். அனுபவம் இல்லாமல் அந்தப் பக்கம் போவது காசுக்குப் பிடித்த கேடு.

என் அபிப்பிராயம் கேட்டால், காலேஜ் முடித்த கையோடு 300-420 வேண்டாம். அதையும் டம்ப்ஸ் (கசிந்த கேள்வி-பதில் தொகுப்பு) வைத்துத் தேறிவிடலாம், தேறி என்ன செய்வது? சிசிஎன்ஏ எழுதுங்கள், இரண்டு வருடம் ரேக் திறந்து தூசி தின்னுங்கள், அப்புறம் எழுதுங்கள். ஆனால் டிசைன் படிப்பதற்குப் பரீட்சைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பிரிசில்லா ஓப்பன்ஹைமர் எழுதிய 'டாப்-டவுன் நெட்வொர்க் டிசைன்' என்ற புத்தகம் இருக்கிறது, மூன்றாம் பதிப்பு 2010. கருவிகளின் பெயர்கள் பழையவை, அதைத் தள்ளிவிடுங்கள். வாடிக்கையாளரின் தொழில் என்ன, எதற்குப் பயப்படுகிறார், எவ்வளவு காசு வைத்திருக்கிறார் என்பதில் ஆரம்பித்துக் கடைசியில்தான் சுவிட்சுக்கு வருகிறார் அந்த அம்மா. அந்த வரிசை இன்னும் பழசாகவில்லை. அடிப்படை தடுமாறுகிறவர்களுக்கு ஐஐடி காரக்பூர் பேராசிரியர்களின் என்பிடெல் வகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. பாக்கெட் ட்ரேசரும் சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் பெயர் பதிந்தால் இலவசம்.

இதையெல்லாம் விட ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் காலேஜில் ஒரு பிளாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏ3 பேப்பர். எத்தனை மாடி, எந்த மூலைக்கு எத்தனை மீட்டர் (காலடியால் அளந்தாலும் சரி), எந்த அறையில் எத்தனை பாயின்ட், எத்தனை கேமரா, வைஃபையில் ஒரே நேரத்தில் எத்தனை பேர். பரீட்சை நாளில் லேப் எவ்வளவு நேரம் நிற்கலாம்? ஐந்து வருடத்தில் இன்னொரு மாடி வந்தால்? ஒவ்வொரு ஒயரின் மேலும் விரலை வைத்து, இது அறுந்தால் யார் யார் படுப்பார்கள் என்று எழுதுங்கள். கடைசியில் விலையும் போடுங்கள். விலை போடும்போதுதான் பாதி டிசைன் மாறும்.

அந்தப் படத்தை பயோடேட்டாவோடு சேர்த்துக் கொண்டுபோங்கள். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, பேசுவதற்கு ஒரு விஷயம் கிடைக்கும். கவரைப்பேட்டை, புதுவாயல், பொன்னேரி பக்கத்துப் பிள்ளைகள் படத்தோடு வந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து பார்க்க நான் தயார், டீயும் என் செலவு. டம்ப்ஸ் பிடிஎஃப் கேட்டு வருகிறவர்கள் தயவுசெய்து வர வேண்டாம்.